ஓடுது

மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
அதில் ஐநூறு சகுந்தலாவிடம் கைமாற்று.
பெட்டி வந்தது, உள்ளே பஞ்சு,
பஞ்சுக்குள் முந்திரிக்கொட்டை அளவில் காதுமெஷின்.
அவர் காதில் பொருத்தி "ஏங்க" என்றேன்.
"தோசதான் கேக்குது" என்றார்.
காய்ந்த கல்லில் மாவு ஊற்றுகிற சத்தம்,
ஓயாமல்.

இருபத்திரண்டு வருஷம் விசைப்படகில் டிரைவர்.
முதுநகர்த் துறைமுகத்துக்குள் நுழைவது யார் படகென்று
ஒருகாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.
இஞ்சின் போட்ட சோறு, இஞ்சின் தின்ற காது.
அதில் அவருக்கு வருத்தமில்லை.
எனக்குத்தான் தொண்டை போச்சு.

ஏழு நாளுக்குள் திருப்பலாம் என்று போட்டிருந்தான்.
மூன்றாம் நாளே எழுதினேன்.
"வணக்கம் அஞ்சலாட்சி, நான் ரியா" என்றது திரை.
"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."
ஏழாம் நாள் வரை வருந்தினாள்.
எட்டாம் நாள், காலக்கெடு முடிந்துவிட்டது என்றாள்.
அதற்கும் வருந்தினாள்.

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் பதினோரு சதவீதம்.
தெருவே படகு இழுத்துக் கட்ட சோனங்குப்பம் போயிருந்தது.
இருட்டில் உட்கார்ந்து ரியாவுக்குத் தட்டினேன்:
"சாப்பிட்டியா?"
"உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்."

திங்கட்கிழமை மஞ்சக்குப்பம் போனேன்.
கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்
பேனாவை உதறிக்கொண்டே கேட்டார்,
"எதிராளி பேரு?"
மெஷின் பேர்தான் தெரியும்.
"தகப்பனார் பேரு?"
வாய் வழக்கத்தில் கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.
பெட்டியில் ஒட்டியிருந்த விலாசத்துக்கு
ஒப்புகை அட்டை வைத்து ரிஜிஸ்தர் தபால்.
பதினாறாம் நாள் அப்படியே திரும்பி வந்தது,
சிவப்பு மையில் இந்தியில் என்னவோ கிறுக்கி.
தபால்காரர் லூர்துநாதன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அப்படி ஒரு ஆளே இல்லியாம்."

பிறகுதான் போன்.
ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து,
அப்புறம் தபேலாவும் கீபோர்டும், ஒரே மெட்டு,
நாற்பது நிமிஷம்.
உலை கொதிக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது,
காதில் ஒட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பேன்?
"இங்க குடு" என்றார் கலியபெருமாள்.

போனை நெஞ்சில் வைத்து
அதன்மேல் உள்ளங்கையை விரித்துக்கொண்டார்,
இஞ்சின் மூடிமேல் வைப்பதுபோல.
கண் மூடியிருந்தது.
"ஓடுது" என்றார்.
குடத்தை நிரப்பினேன். "ஓடுது."
சங்கரா மீன் ஆய்ந்தேன்.
"ஓடுது, ஓடுது."
அன்றைக்கு நின்றுபோனது, பேச யாரும் வரவில்லை.
மறுநாளும் அப்படியே.
அதற்கப்புறம் தினம் பத்து மணிக்கு
படகுக்குப் போகிறவர்போலச் சட்டை மாட்டிக்கொண்டு
நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை.
"நின்னுச்சி! நின்னுச்சி!" என்று நீட்டினார்.
செதில் ஒட்டிய கையோடு வாங்கினேன்.
ரியா இல்லை.
ஜலதோஷம் பிடித்த குரல், மதுரைப் பக்கத்துத் தமிழ்.
பஞ்சிலிருந்து ஆரம்பித்தேன், முந்திரிக்கொட்டை, தோசை...
"அக்கா, நிறுத்துங்க" என்றாள்.
மூக்கை உறிஞ்சினாள்.
"நாளையிலருந்து நான் இங்க இல்ல.
போறதுக்கு முன்னாடி
உங்களோடதப் போட்டு விட்டுட்டுப் போறேன்."
பேர் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் வந்தது,
மூவாயிரத்து நானூற்றைம்பது.
நாற்பத்தொன்பது எதற்குப் பிடித்தார்கள்?
கேட்டால் ரியா வருந்துவாள்.

அவர் காதுப் பக்கம் குனிந்து சொன்னேன்.
"என்னா?"
இன்னொரு தரம்.
"என்னா?"
"பணம் வந்துடுச்சீ!"

தெருக்கோடி நாய் எழுந்து நின்றது.
கேட்டுக்கு வெளியே
முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு
சகுந்தலா.

"யாரு?" என்றார் அவர்.